கம்பெனி என்னும் சொல்

இங்கிலீஷ் பாஷையிலிருந்து நம் ஜனங்களின் வாய்க்கு வந்து சேர்ந்த சொற்கள் பல. அவற்றுள் 'கம்பெனி' என்பதைப் போல எல்லா வகுப்பாரிடமும் வேரூன்றிவிட்டவை சிலவே. இங்கிலீஷில் ஓரெழுத்தும் அறியாதவர்கள்கூட இதைச் சொந்தச் சொல்லாகவே பாவித்துப் பேசுகிறார்கள். திருப்பூரில் காலையில் வேலைக்குப் புறப்படும் பெண் 'கம்பெனிக்குப் போகிறேன்' என்றால், பனியன் தைக்கும் தொழிற்சாலைக்குப் போகிறாள் என்று பொருள். சிவகாசியிலும் கோவிற்பட்டியிலும் தீப்பெட்டி செய்யும் இடத்துக்கும் அதே பெயர்தான். மருந்துக் கடையில் 'நல்ல கம்பெனி மாத்திரையாகக் கொடுங்கள்' என்று கேட்பவர், பெயர் பெற்ற உற்பத்தியாளரின் சரக்கு வேண்டும் என்கிறார். தனியே காபி குடிக்க மனமில்லாத இளைஞன் நண்பனை அழைத்து 'எனக்குக் கம்பெனி கொடு' என்கிறான். தேர்தல் வந்தால், இத்தனை கம்பெனி துணை ராணுவத்தினர் வந்து இறங்கினார்கள் என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. சென்ற தலைமுறையார் 'கம்பெனி நாடகம்' பார்த்தார்கள், எம்.ஜி.ஆர். சிறுவனாக மேடையேறியது மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில். இவை எல்லாவற்றுக்கும் முன்பு, கட்டபொம்மன் கதையைப் பாடிய நாட்டுப் பாடகர்கள் 'கும்பினி' என்றார்கள். அவர்கள் வாயில் அது கடையின் பெயராக இல்லை. ஓர் அரசின் பெயராக இருந்தது.

ஒரே சொல் தோழமையையும், தொழிற்சாலையையும், பட்டாளத்தையும், நாடகக் குழுவையும், துரைத்தனத்தையும் குறிப்பது எப்படி? இது அகராதி எழுதுவோருக்கு மாத்திரம் உரிய விஷயம் என்று நாம் கருதவில்லை. இச்சொல்லின் சரித்திரத்தில் நம் நாடு அடிமைப்பட்ட சரித்திரமும் அடங்கியிருக்கிறது. இன்று இதை நாம் வழங்கும் முறையில், யார் செய்த காரியத்துக்கு யார் பதில் சொல்வது என்ற பெரிய கேள்வியும் மறைந்திருக்கிறது. ஆகையால் நேயர்கள் சற்றுப் பொறுமையுடன் நம்மோடு வர வேண்டுகிறோம்.

ரொட்டியைப் பங்கிட்டவர்கள்

லத்தீன் பாஷையில் 'கம்' என்ற முன்னொட்டு 'உடன்' என்று பொருள்படும். 'பானிஸ்' என்பது ரொட்டி. இரண்டும் சேர்ந்து 'கம்பானியோ' ஆயிற்று. ஒருவனோடு உட்கார்ந்து ரொட்டி தின்பவன் என்பது அதன் நேர்ப்பொருள். பழைய ரோமாபுரியின் பெரும் புலவர்கள் எவரும் இச்சொல்லை எழுதியதில்லை. ரோம சாம்ராஜ்யம் சரிந்த பிறகு, அதன் மண்ணில் குடியேறிய ஃப்ராங்கு மக்களின் சாலிக் சட்டப் பிரதிகளில்தான் இது தலைகாட்டுகிறது. அம்மக்களின் இனத்தைச் சேர்ந்த காத்தியரின் பாஷையிலும் இதே அமைப்புடைய ஒரு சொல் உண்டு. நான்காம் நூற்றாண்டில் செய்யப்பட்ட காத்திய பைபிள் மொழிபெயர்ப்பில், உடன் போர் புரியும் வீரனையும் உடன் பயிலும் சீடனையும் 'ரொட்டியில் உடன்பட்டவன்' என்ற பொருளுடைய சொல்லாலேயே குறித்திருக்கிறார்கள். அச்சொல்லையே லத்தீனில் பெயர்த்து 'கம்பானியோ' என்றார்கள் என்பது பாஷா நிபுணர்களின் கருத்து.

லத்தீனிலிருந்து பிரெஞ்சுக்கும், நார்மன் பிரபுக்கள் 1066-ல் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சிலிருந்து இங்கிலீஷுக்கும் இச்சொல் வந்தது. தோழனைக் குறிக்கும் 'கம்பானியன்', கூடச் செல்வதைக் குறிக்கும் 'அக்கம்பனி' ஆகியவை இதன் உடன்பிறப்புகள். உணவுப் பண்டம் வைக்கும் அறையை இங்கிலீஷில் 'பேன்ட்ரி' என்பதும் அதே ரொட்டியால் வந்த பெயர்தான். இந்த ரொட்டி வேறொரு வழியாகத் தமிழுக்கும் வந்திருக்கிறது. லத்தீன் 'பானிஸ்' போர்த்துக்கேய பாஷையில் 'பாவ்' என்று திரிந்தது. போர்த்துக்கேயர் ஆண்ட பகுதிகளில் அது மக்கள் நாவில் ஒட்டிக்கொண்டது. பம்பாய்க்காரர் 'பாவ்' என்பதும், யாழ்ப்பாணத்தார் 'பாண்' என்பதும் அதுவே. யாழ்ப்பாணத்து வீட்டில் காலையில் உண்ணும் பாணும், கம்பெனி என்ற சொல்லின் உள்ளே இருப்பதும் ஒரே ரொட்டிதான்.

இங்கே மற்றொரு சொல்லையும் நினைவூட்டுவது பொருத்தமாகும். பிரபுவைக் குறிக்கும் 'லார்டு' என்ற சொல் பழைய இங்கிலீஷில் 'ரொட்டியைக் காப்பவன்' என்ற பொருளில் பிறந்தது. 'லேடி' என்பது ரொட்டிக்கு மாவு பிசைபவள். அவ்வீட்டு வேலைக்காரனுக்கு 'ரொட்டி தின்பவன்' என்று பெயர். ஆக, அக்காலத்து இங்கிலாந்தில் மனிதர்களுக்குள் இருந்த உறவை ரொட்டியே நிர்ணயித்தது. காப்பவன் ஒருவன், அவன் கொடுத்ததைத் தின்பவன் ஒருவன் என்ற ஏற்பாட்டுக்கு நேர்மாறாக, சமமாக அமர்ந்து பங்கிட்டு உண்பவர்களின் கூட்டமே கம்பெனி.

நமக்கு இது புதிய எண்ணமன்று. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது நம் வீட்டுப் பழமொழி. பங்கு என்பதிலிருந்தே பங்காளி என்ற உறவுப் பெயரை நாம் உண்டாக்கினோம். பகுத்து உண்பதை அறங்களில் தலையாயதாகத் திருவள்ளுவர் வைத்தார். ஒரு பந்தியில் யார் உட்காரலாம், யார் உட்காரக்கூடாது என்பதற்காக இந்நாட்டில் நடந்த போராட்டங்களை அறிந்தவர்களுக்கு, சேர்ந்து உண்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

பட்டாளமும் மேடையும்

ஒன்றாக உண்டு ஒன்றாகப் போர் புரிபவர்கள் கம்பெனி ஆனது இயல்பே. இன்றும் நம் காலாட்படையில் நூற்றுச் சொச்சம் வீரர் கொண்ட ஒரு பிரிவுக்குக் கம்பெனி என்றே பெயர். கப்பலில் வேலை செய்யும் மாலுமிகள் அனைவரும் சேர்ந்து அக்கப்பலின் கம்பெனி ஆவார்கள். வீட்டுக்கு விருந்தினர் வந்திருந்தால் 'இன்று கம்பெனி இருக்கிறது' என்பது இங்கிலீஷ் வழக்கு. ஒருவனுடைய சேர்க்கையையும் அவனது கம்பெனி என்பார்கள். இவ்வர்த்தங்களில் எல்லாம் மனிதர்கள் முகத்துக்கு முகம் இருக்கிறார்கள். ஒருவரை ஒருவர் அறிந்திருக்கிறார்கள்.

நாடகக்காரர்களின் கம்பெனியும் அப்படியே. ஷேக்ஸ்பியர் 1594 முதல் இருந்த குழுவில் முக்கிய நடிகர்கள் சம்பளக்காரர்களாக இருக்கவில்லை. வசூலில் பங்கு பெறுபவர்களாக இருந்தார்கள். அவர்களுக்குப் 'பங்குக்காரர்' என்றே பெயர். 1599-ல் குளோப் நாடகசாலையைக் கட்டியபோது அதிலும் அவர்களிற் சிலர் பங்கு கொண்டனர். நாடகம் எழுதுகிறவர், மேடையில் நடிக்கிறவர், நஷ்டம் வந்தால் தாங்குகிறவர் மூவரும் ஒருவரே.

வியாபாரிகளும் இச்சொல்லை எடுத்துக்கொண்டார்கள். லண்டன் நகரத்தில் துணி வணிகர், மளிகை வணிகர், மீன் வணிகர், பொற்கொல்லர் முதலிய ஒவ்வொரு தொழிலாரும் ஒரு கம்பெனியாகக் கூடினர். தங்களுக்கென ஒரு மண்டபம் கட்டினர். அங்கே கூடி விருந்துண்டனர். தொழிலுக்கு விதிகள் செய்தனர். கலப்படம் செய்தவனைத் தண்டித்தனர். இறந்தவனின் விதவையை ஆதரித்தனர். இத்தகைய வணிகக் கூட்டங்கள் நம் நாட்டுக்கும் பழமையானவையே. மணிக்கிராமத்தார் என்றும் ஐந்நூற்றுவர் என்றும் பெயர் பூண்ட வணிகர் கடல் கடந்து சென்றார்கள். சுமத்ராத் தீவில் பாரூஸ் அருகே கிடைத்த 1088-ம் வருஷத்துத் தமிழ்க் கல்வெட்டு ஐந்நூற்றுவரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. கூட்டமாகச் சென்று வாணிபம் செய்வோரைச் 'சாத்து' என்றனர் நம் முன்னோர்.

இதுவரையில் சொல் தன் பிறப்பொழுக்கத்தை விட்டு அதிக தூரம் விலகவில்லை. ஆனால் ஒரு விஷயத்தையும் நாம் மறைக்கக் கூடாது. பதினான்காம் நூற்றாண்டிலேயே இத்தாலியில் கூலிப் படைகளும் கம்பெனி என்ற பெயரில் உலவின. ஜான் ஹாக்வுட் என்ற இங்கிலீஷ்காரன் தலைமை தாங்கிய 'வெள்ளைக் கம்பெனி' அவற்றில் பேர் போனது. பணம் கொடுத்த நகரத்துக்காக அது போர் செய்தது. பணம் கொடுக்காத நகரங்கள் அதைக் கண்டு நடுங்கின. வாளும் இலாபமும் ஒரே பெயரின் கீழ்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அது ஒரு முன்னறிகுறி.

தோழமை துரைத்தனமானது

1600-ம் வருஷம் டிசம்பர் மாதம் 31-ந் தேதி, இங்கிலாந்து ராணி எலிசபெத் லண்டன் வியாபாரிகள் சிலருக்கு ஒரு சாசனம் வழங்கினாள். நன்னம்பிக்கை முனைக்குக் கிழக்கே இங்கிலாந்தின் வர்த்தகம் முழுவதையும் 15 வருஷங்களுக்கு அவர்கள் ஏகபோகமாக நடத்தலாம் என்பது அதன் சாரம். இதுவே கிழக்கிந்தியக் கம்பெனி. தொடக்கத்தில் ஒவ்வொரு கப்பல் பயணத்துக்கும் தனித்தனியே பணம் திரட்டி, பயணம் முடிந்ததும் கணக்குத் தீர்த்து இலாபத்தைப் பங்கிட்டுக்கொண்டார்கள். 1657-ல் மூலதனம் நிரந்தரமானது. அதன் பிறகு பங்குகள் கைமாறின. மூலதனம் அசையாமல் நின்றது. பங்கு வைத்திருப்பவன் கப்பலைப் பார்த்திருக்க வேண்டியதில்லை. பக்கத்துப் பங்குக்காரனின் பெயரைக்கூட அறிந்திருக்க வேண்டியதில்லை. ரொட்டியைப் பங்கிட்டவர்களின் கூட்டம், ஒருவரை ஒருவர் அறியாதவர்களின் கூட்டமாக மாறத் தொடங்கியது இங்கேதான்.

அந்தக் கம்பெனி 1639-ல் நாயக்கரிடம் அனுமதி பெற்றுச் சென்னையில் கால் வைத்தது. 1668-ல் இரண்டாம் சார்லஸ் ராஜா பம்பாயை வருஷத்துக்கு 10 பவுன் வாடகைக்கு அதற்குக் கொடுத்தான். 1765-ல் மொகலாயச் சக்கரவர்த்தி ஷா ஆலம், வங்காளம், பீகார், ஒரிஸா ஆகியவற்றின் நிலவரி வசூலிக்கும் திவானி உரிமையை அதற்கு அளித்தார். வியாபாரிக்கு இலாபம் என்பதும், அரசனுக்கு வரி என்பதும் அன்று முதல் ஒரே பேரேட்டில் எழுதப்பட்டன.

அதன் பலனை ஐந்தே வருஷத்தில் வங்காளம் கண்டது. 1769-ல் மழை பொய்த்தது. 1770-ல் கொடும் பஞ்சம் வந்தது. ஜனத்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் மாண்டது என்று கணக்கிட்டவர் கம்பெனியின் எதிரி எவருமில்லை. அதன் கவர்னராகிய வாரன் ஹேஸ்டிங்ஸே 1772-ல் அவ்வாறு எழுதினார். அதே கடிதத்தில், 1771-ம் வருஷத்து நிலவரி வசூல் பஞ்சத்துக்கு முந்திய 1768-ம் வருஷத்து வசூலையும் மிஞ்சிவிட்டது என்றும் அவர் குறித்தார். உயிரோடு எஞ்சியவர்கள் இறந்தவர்களின் வரியையும் சேர்த்துக் கட்டினார்கள். உடனிருந்து உண்பவர்கள் என்று பொருள்படும் பெயரைத் தாங்கிய ஒரு ஸ்தாபனத்தின் ஆட்சியில், இலக்ஷக்கணக்கான மக்கள் உணவின்றி மடிந்தார்கள்.

இதற்குப் பொறுப்பாளி யார்? லண்டனிலிருந்த டைரக்டர்கள் இந்தியாவிலுள்ள உத்தியோகஸ்தர்களைக் காட்டினார்கள். உத்தியோகஸ்தர்கள் டைரக்டர்களின் உத்தரவைக் காட்டினார்கள். பங்குக்காரர்கள் தங்களுக்கு வரவேண்டிய இலாபத்தை மாத்திரம் அறிவார்கள். பார்லிமெண்டு கிளைவை விசாரித்தது. அவர் நாட்டுக்குச் செய்த சேவையைப் பாராட்டி 1773-ல் விஷயத்தை முடித்தது. ஹேஸ்டிங்ஸ்மீது 1788-ல் தொடங்கிய விசாரணை ஏழு வருஷம் நடந்து 1795-ல் விடுதலையில் முடிந்தது. கம்பெனியையே கூண்டில் ஏற்றலாம் என்று எவரும் நினைக்கவில்லை. அது கூண்டில் நிற்கக்கூடிய உருவமுள்ள பொருளாகவும் இல்லை. மாறாக, 1773-ல் அது கடனில் மூழ்கியபோது சர்க்கார் 14 இலக்ஷம் பவுன் கடன் கொடுத்துக் கரையேற்றியது. அதே வருஷம் அதன் தேயிலையைத் தேங்காமல் விற்பதற்காகச் செய்த சட்டமே அமெரிக்கரைக் கொதிப்படையச் செய்து, பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் எறியவைத்தது.

பிற்பாடு நடந்தது இன்னும் விநோதமானது. 1833-ம் வருஷத்துச் சட்டம் கம்பெனியின் வியாபாரத்தை அடியோடு நிறுத்தியது. வியாபாரமே செய்யாத வியாபாரக் கம்பெனி இந்தியாவைத் தொடர்ந்து ஆண்டது. அதன் 60 இலக்ஷம் பவுன் மூலதனத்துக்கு நூற்றுக்குப் பத்தரை வீதம், அதாவது வருஷத்துக்கு 6,30,000 பவுன், இந்தியாவின் வரிப்பணத்திலிருந்து இலாபப் பங்காகக் கொடுக்கப்பட வேண்டும் என்று அச்சட்டமே விதித்தது. 1857-ம் வருஷத்துப் பெரும் எழுச்சிக்குப் பிறகு, 1858-ல் ஆட்சி ராணி விக்டோரியாவின் கைக்குப் போயிற்று. அதன் பின்னரும் பங்குக்காரர்களுக்குரிய பணம் நிற்கவில்லை. கடைசியில் நூறு பவுன் பங்குக்கு இருநூறு பவுன் வீதம் கொடுத்துத் தீர்த்து, 1874-ம் வருஷம் ஜூன் மாதம் முதல் தேதிதான் கம்பெனி கலைக்கப்பட்டது. அதை எதிர்த்து நின்ற கட்டபொம்மன் 1799-ல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டான். கம்பெனியோ முக்கால் நூற்றாண்டு கழித்துத் தன் படுக்கையில், கணக்குத் தீர்த்துக்கொண்டு, சாந்தமாக மரித்தது.

உடலில்லாத ஆள்

சட்டத்தின் கண்ணுக்குக் கம்பெனி ஓர் ஆள். இதைக் கேட்டுச் சாமானியர் நகைக்கலாம். ஆனால் நியாயஸ்தலங்களில் இது அடிப்படைச் சித்தாந்தம். அது சொத்து வாங்கும், கடன் கொடுக்கும், வழக்குத் தொடுக்கும், அதன்மீதும் வழக்குத் தொடுக்கலாம். பங்குக்காரர்கள் எல்லோரும் இறந்தாலும் அது இறவாது. சட்ட மேதையான எட்வர்டு கோக், 1612-ல் ஸட்டன் ஆஸ்பத்திரி வழக்கில் இத்தகைய ஸ்தாபனங்களைப் பற்றி எழுதும்போது, அவற்றுக்கு ஆன்மா இல்லை என்றும், ஆகவே அவை ராஜத்துரோகம் செய்ய இயலாது, அவற்றை மதப் பிரஷ்டம் செய்யவும் இயலாது என்றும் கூறினார்.

இரண்டாவது சித்தாந்தம் நம் ஊர்ப் பெயர்ப்பலகைகளில் காணும் 'லிமிடெட்' என்ற சொல்லில் அடங்கியிருக்கிறது. பழைய கூட்டு வியாபாரம் முறிந்தால், கூட்டாளி தன் வீடு வாசலை விற்றும் கடனைக் கட்ட வேண்டும். 1855-ல் இங்கிலாந்தில் ஏற்பட்ட சட்டம் இதை மாற்றியது. பங்குக்காரன் போட்ட பணத்தோடு அவன் பொறுப்பு தீர்ந்தது. இரண்டு வருஷத்தில் இந்தியாவுக்கும் இவ்வேற்பாடு வந்தது. இதை முற்றிலும் கெடுதல் என்று நாம் சொல்ல மாட்டோம். சிறு சேமிப்புள்ளவன் பயமின்றிப் பெருந்தொழிலில் பங்கெடுக்க முடிந்தது இதனால்தான். ரயில் பாதைகளும் ஆலைகளும் எழுந்தது இதனால்தான். ஆனால் பயமின்றிப் பங்கெடுப்பவன் பொறுப்பின்றியும் பங்கெடுக்கலாம் என்பதையும் கவனிக்க வேண்டும்.

1897-ல் இங்கிலாந்துப் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்த ஸாலமன் வழக்கைப் படியாத வக்கீல் இருக்க மாட்டார். ஸாலமன் என்பவர் தோல் பாதரக்ஷை செய்பவர். தம் தொழிலை ஒரு கம்பெனியாக்கினார். மொத்தம் 20,007 பங்குகளில் 20,001 அவருடையவை. மனைவிக்கும் ஒரு மகளுக்கும் நான்கு புதல்வர்களுக்கும் ஆளுக்கு ஒரு பங்கு. கம்பெனி முறிந்தது. ஸாலமனும் கம்பெனியும் ஒருவர்தானே, கடனை அவரே கட்டட்டும் என்று கடன் கொடுத்தவர்கள் பக்கம் வாதாடப்பட்டது. இல்லை, ஸாலமன் வேறு, கம்பெனி வேறு என்று தீர்ப்பாயிற்று. நம் நாட்டில் 2013-ம் வருஷத்துக் கம்பெனிச் சட்டம் இன்னும் ஒருபடி மேலே சென்றிருக்கிறது. அதன்படி தன்னந்தனியாக ஒரே ஆள் ஒரு கம்பெனி ஆகலாம். சிறு தொழில் செய்வோருக்கு இது சௌகரியமே. எனினும், உடன் அமர்ந்து உண்ண மற்றொருவர் இல்லாத பந்திக்கும் 'உடன்' என்ற முன்னொட்டுடைய பெயரைச் சூட்டிவிட்டோம். சொல் நின்றது, பொருள் எழுந்து போய்விட்டது.

ஒரு சுதேசிக் கம்பெனி

இச்சொல்லுக்கு அதன் பழைய கௌரவத்தைத் திருப்பித் தர முயன்றவரும் நம்மிடையே இருந்தார். டச்சுக்காரரின் கிழக்கிந்தியக் கம்பெனி 1602-ல் தோன்றியது. அவர்கள் பாஷையில் அதன் பெயரின் முதலெழுத்துக்களை இங்கிலீஷ் முறையில் படித்தால் 'வி.ஓ.சி.' என்று வரும். அந்த வி.ஓ.சி. 1658-ல் தூத்துக்குடியைக் கைப்பற்றி வெகுகாலம் ஆண்டது. அதே தூத்துக்குடியில் 1906-ல் மற்றொரு வி.ஓ.சி. எழுந்தார். வ.உ.சிதம்பரம் பிள்ளை சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியை ஸ்தாபித்தார். மூலதனம் 10 இலக்ஷம் ரூபாய், பங்குகள் 40,000, ஒரு பங்கு 25 ரூபாய். பெரும் தனவந்தர் நால்வரை நாடியிருந்தால் பங்கின் விலையை ஆயிரமாக வைத்திருக்கலாம். கடைக்காரரும் உத்தியோகஸ்தரும் சேர வேண்டும் என்ற நோக்கம் அந்த 25 ரூபாயிலேயே தெரிகிறது.

'காலியா', 'லாவோ' என்ற இரு கப்பல்கள் வந்து தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடின. ஏற்கெனவே அப்பாதையை ஆண்ட பிரிட்டிஷ் கப்பல் கம்பெனி கட்டணத்தை அடியோடு குறைத்தது. பிரயாணிகளை இலவசமாக ஏற்றவும், அவர்களுக்குக் குடை பரிசளிக்கவும்கூட முன்வந்தது என்பது இன்றும் அவ்வூரார் சொல்லும் செய்தி. இன்னொரு பக்கம் சர்க்காரின் கை நீண்டது. 1908-ல் சிதம்பரம் பிள்ளை கைதாகி, ராஜத்துரோகக் குற்றத்துக்காகக் கடுந்தண்டனை பெற்றார். சிறையில் செக்கிழுத்தார். தலைவனை இழந்த கம்பெனி 1911-ல் கலைக்கப்பட்டது. அவர் விடுதலையானது 1912 டிசம்பரில். கம்பெனிக்கு வந்த துன்பத்தைத் தம் உடம்பில் தாங்கியவர் அவர். சட்டம் அளித்த வரையறுத்த பொறுப்பு என்ற கவசத்துக்குள் அவர் ஒளிந்துகொள்ளவில்லை.

கவசம் யாரைக் காக்கிறது?

அக்கவசம் எவ்வளவு கனமானது என்பதை 1984-ம் வருஷம் டிசம்பர் மாதம் 2-ந் தேதி இரவில் போபால் நகரம் கண்டது. பூச்சிமருந்துத் தொழிற்சாலையிலிருந்து கசிந்த விஷவாயு ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. தொழிற்சாலை யூனியன் கார்பைடு இந்தியா லிமிடெட் என்ற கம்பெனியுடையது. அதன் பங்குகளில் பாதிக்கு மேல், 50.9 சதவீதம், அமெரிக்காவிலுள்ள யூனியன் கார்பைடு கம்பெனியிடம் இருந்தன. தாய் வேறு ஆள், மகள் வேறு ஆள் என்ற ஸாலமன் சித்தாந்தம் இங்கே முழு வேகத்துடன் வந்து நின்றது. அமெரிக்கக் கோர்ட்டு 1986-ல் வழக்கை இந்தியாவுக்கே அனுப்பியது. 1989-ல் 47 கோடி டாலருக்குச் சமரசமாயிற்று. கிரிமினல் வழக்கில் அமெரிக்கக் கம்பெனி ஆஜராகாததால், 1992-ல் போபால் கோர்ட்டு அதைத் தலைமறைவானதாக அறிவித்தது. உடலே இல்லாத ஆள் எங்கே போய் ஒளியும் என்று நாம் கேட்கலாம். சட்டப் புத்தகத்தில் அதற்கும் இடமிருக்கிறது. 2001-ல் அதன் பங்குகளை வாங்கிய டௌ கெமிகல் கம்பெனி, போபால் பொறுப்பு தன்னைச் சேராது என்று வாதித்தது. 2010-ல் இந்திய உத்தியோகஸ்தர் எழுவருக்கு இரண்டு வருஷத் தண்டனை விதிக்கப்பட்டது. அதிக நஷ்டஈடு கோரிய இந்திய சர்க்காரின் மனுவை 2023-ல் சுப்ரீம் கோர்ட் தள்ளிவிட்டது.

அரசியல் ஊழியர்கள் கவனிக்க வேண்டிய மற்றொரு விஷயமும் உண்டு. கம்பெனி சட்டத்தின் கண்ணில் ஆள். ஆனால் பிரஜை அன்று. அதற்கு வோட்டு இல்லை. ஆயினும் அது கட்சிகளுக்குப் பணம் கொடுக்கலாம். முந்திய மூன்று வருஷத்துச் சராசரி நிகர இலாபத்தில் ஏழரை சதவீதத்துக்கு மேல் கொடுக்கக்கூடாது என்று 2013-ம் வருஷத்துச் சட்டம் எல்லை கட்டியிருந்தது. 2017-ல் அந்த எல்லை நீக்கப்பட்டது. தேர்தல் பத்திரத் திட்டத்தினால் கொடுத்தவர் பெயரும் ஜனங்களுக்குத் தெரியாமற் போயிற்று. 2024 பிப்ரவரி 15-ந் தேதி, சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் அத்திட்டத்தையும், எல்லையை நீக்கிய திருத்தத்தையும் அரசியல் சட்டத்துக்கு விரோதமானவை என்று தள்ளினார்கள். இதை ஒரு சட்ட நுணுக்கமாக எண்ணிவிடக் கூடாது. 1765-ல் பேரேடும் அரசாங்கமும் ஒரே கையில் சேர்ந்ததன் பலனை அனுபவித்த நாடு இது. வோட்டில்லாத ஆள், முகத்தை மூடிக்கொண்டு, அளவில்லாத பணத்துடன் தேர்தல் களத்தில் புகுவதை வேறு எந்த நாடு அனுமதித்தாலும் நாம் அனுமதிக்கலாகாது.

செய்ய வேண்டியது

கம்பெனிகளை ஒழித்துவிட வேண்டும் என்பது நம் அபிப்பிராயமன்று. பலர் பணமும் உழைப்பும் சேராமல் பெருங்காரியம் எதுவும் நடவாது. சேருகிறவர்கள் எந்த முறையில் சேருகிறார்கள் என்பதே கேள்வி. 1844-ல் இங்கிலாந்தில் ராச்டேல் நகரத்து நெசவாளர் முதலியோர் கூட்டுறவுப் பண்டசாலை ஒன்றைத் தொடங்கினார்கள். 1904-ல் சென்னைத் திருவல்லிக்கேணியில் அத்தகைய சங்கம் ஒன்று எழுந்தது. அம்முறையில் பங்கு எத்தனை வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு வோட்டுதான். கம்பெனியிலோ பங்குக்கு ஒரு வோட்டு, ஆளுக்கு மதிப்பில்லை. ரொட்டியைப் பங்கிடுதல் என்ற பழைய அர்த்தம் எந்தப் பக்கம் குடிபோயிருக்கிறது என்பதை நேயர்களே தீர்மானிக்கட்டும். கூட்டுறவுச் சங்கங்களில் நேரும் ஊழல்களை நாம் அறியாமலில்லை. அவற்றைக் களைவது அங்கத்தினர் கையிலேயே இருக்கிறது என்பதுதான் வேற்றுமை.

சட்டத்தைத் திருத்துவது சட்டசபைகளின் வேலை. பேச்சைத் திருத்திக்கொள்வது நம் ஒவ்வொருவரின் வேலை. 'கம்பெனி ஆட்களைக் குறைத்தது', 'கம்பெனி ஆற்றில் கழிவை விட்டது', 'கம்பெனி தீர்மானித்தது' என்று படிக்கிறோம், பேசுகிறோம். கம்பெனிக்குக் கையில்லை, வாயில்லை. தீர்மானித்தவர்கள் சில மனிதர்கள். கையெழுத்திட்டவர் ஒருவர். இலாபம் பெற்றவர்கள் பலர். அவர்களின் பெயர்கள் எங்கோ ஒரு பதிவேட்டில் எழுதப்பட்டிருக்கின்றன. கம்பெனிப் பதிவாளரிடம் சிறு கட்டணம் செலுத்தினால் டைரக்டர்களின் பெயர்களை எவரும் பார்க்கலாம். தொழிலாளர் சங்கத்து ஊழியர்களும், கிராமத்து வாலிபர்களும், பத்திரிகைக்கு எழுதுவோரும் இந்தச் சிறு காரியத்தைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். மனுவில் கம்பெனியின் பெயரோடு அதை நடத்துவோரின் பெயரையும் எழுதுங்கள். கூட்டத்தில் கேட்கும்போது 'கம்பெனி ஏன் செய்தது' என்று கேளாமல், 'உங்களில் யார் செய்தீர்கள்' என்று கேளுங்கள். கும்பினி என்ற ஒரு சொல்லின் பின்னால் மனிதர்கள் மறைந்து நின்றதால் நம் முன்னோர் யாரிடம் முறையிடுவது என்று அறியாமல் தவித்தார்கள். அத்தவிப்பு நமக்கு வேண்டியதில்லை.